விடுப்பு என்னும் சொல்

யாழ்ப்பாணத்தவர் ஒருவர் தமிழகத்து அலுவலகம் ஒன்றுக்குச் சென்று, "அதிகாரி இன்று விடுப்பில் இருக்கிறார்" என்ற விடையைப் பெற்றால் சற்றுத் திகைப்பார். அலுவல் நேரத்தில் அதிகாரி யார் வீட்டுச் சங்கதியைத் துருவப் போனாரோ என்று அவர் எண்ணினும் குற்றமில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் விடுப்பு என்பது பணியாளர் பெறும் ஓய்வு. இப்பால் அது, பிறர் காரியத்தை அறியத் துடிக்கும் அடங்காத ஆவல்.

தெருவில் இரு வண்டிகள் மோதினால் கூடிநிற்போர் 'விடுப்புப் பார்க்கிறார்கள்'. அயல் வீட்டுக்கு வந்தவர் யார், எதற்கு வந்தார், என்ன கொண்டுவந்தார் என விசாரிப்பவர் 'விடுப்புக் கேட்கிறார்'. விடைசொல்ல விரும்பாதவரிடமிருந்தும் செய்தியைக் கறந்தெடுப்பதோ 'விடுப்புப் பிடுங்குவது'. கிழங்கைப் பிடுங்குவதுபோல மண்ணோடும் வேரோடும் வரவேண்டும் போலும்! ஒருவரை 'விடுத்து விடுத்துக் கேட்டல்' என்னும் வழக்கும் இங்கே உண்டு. விடுப்புக்கும் அதற்கும் உறவு இருக்கலாம் என எண்ண இடமுண்டு.

இதனோடு வைத்து நோக்கத்தக்க மற்றொரு சொல் புதினம். தமிழகத்தார்க்கு அது நாவல், யாழ்ப்பாணத்தார்க்குச் செய்தி. சந்தையிற் கண்டவரை "என்ன புதினம்?" என்று கேட்பது உபசாரம். அதே மனிதரை "விடுப்புக் கேளாதையும்" என்று சொன்னாலோ முகம் சிவந்துவிடும். புதினம் பொருள், விடுப்பு அப்பொருளின்மேற் கொண்ட பசி.

கிடுகு வேலிகளால் வளவுகளைப் பிரித்து வாழ்ந்த ஊரில் இப்படியொரு சொல் நிலைத்தது வியப்பன்று. வேலி பார்வையை மறைத்தது, ஓசையை மறைக்கவில்லை. கிடுகு உக்கிய இடத்தில் கண்ணுக்கும் வழி கிடைத்தது. அவ்வழியே போன ஒரு சொல்லால் குழம்பிய கலியாணப் பேச்சுகள் எத்தனையோ. பெண் பிள்ளை பாடசாலையிலிருந்து சிறிது பிந்தி வந்ததும், கடன்காரர் படலையில் நின்றதும் மாலைக்குள் ஊர்ச்சொத்தாயின. ஆதலால் இச்சொல்லில் எள்ளலோடு சிறிது அச்சமும் கலந்திருக்கிறது. கொச்சையென்று இதனை மாணவர் கட்டுரையில் வெட்டிவிடும் ஆசிரியர்கள், அதனிடத்தில் வைக்க ஈடான ஒரு சொல்லைத் தருவதில்லை. 'ஆவல்' என்பது மிக நல்ல சொல். இவ்விடத்துக்கு நல்லது போதாது. 'வம்பு' என்றாலோ சண்டையும் உடன்வந்து சேரும்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுவாசலை விட்டு, நாவற்குழிப் பாலங் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். கோயில்களிலும் பாடசாலைகளிலும் வேலியின்றிக் கிடந்தவர்களிடம் முன்பின் அறியாதார் வந்து கேட்டனர்: எந்த ஊர், ஆற்றை பிள்ளை, கூட வந்தவர்கள் எங்கே, கடைசியாக எவ்விடத்திற் கண்டீர்கள்? முந்திய நாள்வரை முகஞ்சுளிக்க வைத்த அதே வினாக்கள். கூட்டத்திற் பிரிந்துபோன பிள்ளையையும் கிழவியையும் தேட அவற்றைவிட வேறு வழி இருக்கவில்லை. கேட்டவர் மறுமொழியைச் சுமந்துசென்று அடுத்த மடத்திலும் கேட்டார். அங்கிருந்து வேறொருவர் கொண்டுபோனார். அந்நாட்களில் அக்கேள்விகளை விடுப்பு என்று எவரும் பழித்திரார்.

1996 இல் பலர் ஊர் திரும்பியபின் வேலிகள் மெல்ல எழுந்தன. இன்று பல வளவுகளைச் சீமெந்து மதில்கள் சூழ்ந்திருக்கின்றன. மதிலுக்கு மேலால் எட்டிப்பார்க்கும் தலையைக் கண்டால், உள்ளேயிருப்பவர் தாழ்ந்த குரலிற் சொல்வது இன்றும் அந்தப் பழைய சொல்லைத்தான்.