கல்வி அதிகாரியும் கிராம ஜனங்களும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



வட்டி, தவணை, ஜாமீன் என்பவற்றைப் பற்றியே நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கடன் பத்திரத்தில் கைநாட்டு வைப்பவர் தாம் எதற்கு உடன்படுகிறோம் என்பதை அறியார். எழுத்தறிவு பரவாத ஊரில் மகாசபை கூடினாலும், கணக்கைப் படித்துக் கேள்வி கேட்பார் இரண்டொருவரே இருப்பர். ஆகையால் பள்ளிக்கூடத்தின் நன்மை சங்கத்தின் நன்மையேயாகும். இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டத்தக்கது, கல்வி இலாகாவில் நெடுங்காலம் உழைத்த ஸ்ரீ நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் உத்தியோக வாழ்க்கை.

அவர் 1912ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 12ஆம் தேதி, காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் கிராமத்தில் பிறந்தார். பள்ளிகளைப் பரிசோதிக்கும் உத்தியோகத்திலிருந்து படிப்படியாக உயர்ந்து, 1954ஆம் வருஷத்தில் சென்னை ராஜ்யத்தின் கல்வி டைரக்டரானார். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில்தான் ஸ்ரீ காமராஜர் முதல் மந்திரியானார். முந்திய ஆண்டில் ஏற்பட்ட அரைநேரப் படிப்புத் திட்டம் பெரும் எதிர்ப்புக்கு உள்ளாகிக் கைவிடப்பட்ட சமயம் அது. புதிய டைரக்டருக்கு முன் இருந்த கேள்வி ஒன்றே: ஏழைக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்து வருவது எப்படி?

பள்ளிக்கூடம் திறப்பது சர்க்கார் உத்தரவினால் ஆகிவிடும். ஆனால் மாடு மேய்த்துக் கால்வயிற்றுக் கஞ்சி பெறும் சிறுவன் பள்ளிக்கு வந்தால், அந்தக் கஞ்சிக்கு யார் பொறுப்பு? பசித்த வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது. சென்னை நகரசபை 1920ஆம் வருஷத்திலேயே, பிட்டி. தியாகராயர் தலைவராயிருந்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி அளித்துப் பார்த்ததுண்டு. அதை ராஜ்யம் முழுவதற்கும் எப்படி விரிப்பது? பணம் எங்கே என்ற கேள்வி எழுந்தது.

அந்தப் பணத்திற்கு முதற்கண் ஜனங்களையே நாடினார்கள். 1955, 1956ஆம் வருஷங்களில் பல கிராமங்களில் ஊரார் தாமே தானியமும், காய்கறியும், விறகும் கொடுத்துப் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளித்தார்கள். எட்டயபுரத்தில் முதல் மந்திரியே நேரில் சென்று இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பல சாதிப் பிள்ளைகளும் ஒரே அடுப்பில் சமைத்ததை ஒரே வரிசையில் அமர்ந்து உண்டது இத்திட்டத்தின் மற்றொரு பெரும் பயன்.

இங்கே நாம் நன்றாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. தருமத்தை மட்டும் நம்பிய காரியம் விளைச்சல் உள்ள வருஷத்தில் நடக்கும். மழை பொய்த்தால் நின்றுபோகும். செல்வர் உள்ள ஊரில் அடுப்பு எரியும். அதிகம் வேண்டியிருக்கும் ஏழை ஊரில் எரியாது. ஆகவே பின்னர் செலவில் 100க்கு 60 பங்கைச் சர்க்கார் ஏற்க, எஞ்சிய 40 பங்கை ஊரார் ஏற்பது என்ற முறை வந்தது. பங்கு மூலதனம் செலுத்தும் அங்கத்தினர்களுக்கு இதன் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை. தன் பணம் கலந்திருக்கும் காரியத்தை மனிதன் கண்காணிப்பான். மேலிருந்து உதவி வருமென்ற உறுதி இருந்தால் மனந்தளரமாட்டான்.

இதே முறையில் 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகள் நடந்தன. ஒவ்வொரு பள்ளிக்கும் கூரை, பெஞ்சு, கரும்பலகை, கிணறு, சீருடை முதலியவற்றில் என்ன குறைகிறது என்று ஜாபிதா எழுதி, அதை ஊரார் முன் படிப்பார்கள். ஒருவர் நிலம் தருவார். ஒருவர் பலகை தருவார். கையில் காசில்லாதவர் உடலுழைப்பைத் தருவார். டைரக்டர் காரியாலயத்தில் அமர்ந்து உத்தரவு அனுப்புவதோடு நில்லாமல், இம்மகாநாடுகளுக்கு நேரில் சென்று ஜனங்களோடு கலந்து பேசினார்.

உபாத்தியாயர்களையும் அக்காலத்தில் மறக்கவில்லை. பென்ஷன், சேமநிதி, இன்ஷியூரன்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்த திட்டம் 1955இல் உதவி பெறும் பள்ளிகளின் உபாத்தியாயர்களுக்குக் கிடைத்தது. முதுமையில் சோற்றுக்கு வழி என்ன என்று கலங்குபவர் மனமொன்றிப் பாடம் சொல்லுவது அரிதல்லவா?

ஸ்ரீ சுந்தரவடிவேலு அவர்களுக்கு 1961இல் பத்மஸ்ரீ பட்டம் அளிக்கப்பட்டது. 1969 முதல் 1975 வரை சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்தார். 1993ஆம் வருஷத்தில் காலமானார். தம் நினைவுகளை ‘நினைவு அலைகள்’ என்னும் நூலாக எழுதிவைத்திருக்கிறார்; நமது வாசகசாலையில் அவசியம் இருக்க வேண்டிய நூல் அது.

இன்று மத்தியான உணவுக்கு ஊரார் அரிசி சேகரிக்க வேண்டியதில்லை. 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவாக ஏற்பட்டது. 2022 முதல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையுணவும் கிடைக்கிறது. சர்க்கார் எல்லாம் செய்கிறதே, நமக்கு வேலையென்ன என்று சிலர் கேட்கலாம். உணவு தரமாக இருக்கிறதா என்று சென்று பார்ப்பது யார்? அறுவடைக் காலத்தில் பள்ளிக்கு வராமற்போன பெண்ணின் வீட்டிற்குச் சென்று காரணம் கேட்பது யார்? அது சென்னையிலுள்ள அதிகாரியால் ஆகக்கூடிய காரியமன்று. அதே தெருவில் வசிக்கும் நம்மால்தான் ஆகும்.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்யும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, நமது பள்ளியின் குறைகளை ஜாபிதா எழுதி அடுத்த மகாசபையில் படியுங்கள். இரண்டாவது, நிகர லாபத்தில் உபவிதிகள் இடங்கொடுக்கும் அளவிற்கு ஒரு சிறு தொகையை, சபையின் தீர்மானத்தோடு, அதற்கென ஒதுக்குங்கள். ஒவ்வொரு காசுக்கும் ரசீது எழுதி, கணக்கைப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். மூன்றாவது, படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் வீடுகளுக்கு மாதம் ஒருமுறை இரண்டு அங்கத்தினர் சென்று வாருங்கள்.

பொருளைப் பெருக்குவதோடு சங்கத்தின் கடமை முடிந்துவிடாது. அப்பொருளை ஆளத் தெரிந்த மக்களையும் அது உண்டாக்க வேண்டும். அம்மக்கள் இப்பொழுது நமது பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினைவூட்டி, என் பிரசங்கத்தை முடித்துக்கொள்கிறேன்.