பூட்டுமதகும் பாட்டும்



கொடுங்கையூருக்குக் கிழக்கே, கொருக்குப்பேட்டைப் பக்கம், கருநிறம் பூண்டு கிடக்கும் நீரைச் சாக்கடை என்றே இன்றைய பிள்ளைகள் அறிவர். ஒருகாலத்தில் அது நீராலான நெடுஞ்சாலை. பேசில் காக்ரேன் என்னும் வணிகரின் முயற்சியால் 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே முதற்பகுதி அமைந்தது. தாதுவருடப் பெரும்பஞ்சத்தின்போது, 1877-78-இல், பசித்த மக்கள் கூலிக்கு மண் சுமந்து கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தனர். பெயர் மட்டும் ஆளுநர் பக்கிங்காம் கோமகனுக்கு வாய்த்தது. பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்ட இக்கால்வாயில் உப்பும் விறகும் நெல்லும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் படகேறி வந்தன.

கடலோதத்துக்கு ஏற்ப நீர் ஏறியும் இறங்கியும் நிற்கும் கால்வாய் இது. ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் நீர் வடிந்தால் படகு தரைதட்டும். ஆகவே ‘லாக்’ எனப்பட்ட பூட்டுமதகுகள் எழுந்தன. இரண்டு வாயில்கள், இடையே ஒரு தொட்டி. படகு உள்ளே வந்ததும் பின்வாயில் அடைபடும். சிறு திறப்புகள் வழியே நீர் ஏறும் அல்லது இறங்கும். இருபுறமும் மட்டம் ஒன்றானபின்பே முன்வாயில் திறக்கும். அவசரப்பட்டு மட்டத்துக்கு முன் திறக்க முயன்றால், நீரின் அழுத்தமே கதவை அசையவிடாது.

ஆழமான பூட்டுமதகில் கயிறு பிடிப்பதும் ஒரு கலையே. கயிற்றை முடிச்சிட்டுவிட்டுப் படகோட்டி உறங்கலாகாது. நீர் இறங்க இறங்கக் கயிற்றை நெகிழ்த்திக்கொண்டே வரவேண்டும். இல்லையேல் படகு கயிற்றில் தொங்கிக் கவிழும். ஏறும்போதோ தளர்ந்த கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். மரபைக் கையாளும் கவிஞனுக்கும் இதுவே பாடம்: இறுகக் கட்டினாலும் கேடு, கைவிட்டாலும் கேடு.

இக்கால்வாயின் தென்பகுதிக்கு ஒரு பாட்டு வாய்த்தது. தோணியில் மாமல்லபுரம் சென்ற பாவேந்தர் பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ பாடினார். இன்பச் செலவாகப் புறப்பட்ட அப்பாட்டு, தோணியை இழுத்துச் செல்லும் உழைப்பாளியின் துயரில் போய் நிற்கிறது. வடபகுதியில் சுமை இழுத்தவனுக்கும் மதகு திறந்தவனுக்கும் அத்தகைய புகழ்பெற்ற பாட்டு அமையவில்லை.

இரயிலும் லாரியும் சரக்கைக் கவர்ந்தன. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கரைகளைச் சிதைத்தன. தூர்வாராத கால்வாயில் கழிவு புகுந்தது. 2004 ஆழிப்பேரலையின்போது பல இடங்களில் கடல்நீரைத் தாங்கி உட்புற ஊர்களைக் காத்ததும் இதே கால்வாய்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு இதன் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து, மீனவர் வலைகளையும் படகுகளையும் கறைப்படுத்தியதும் உண்மை. சாக்கடை என்று பெயரிட்டுவிட்டால் எதைக் கொட்டினாலும் கேட்பாரில்லை. பெயர் தாழ்ந்தபின் நீர் தாழ்வது எளிது.

பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டத்துக்கு இங்கே ஒரு கடமை காத்திருக்கிறது. படகு ஓடக் கண்ட முதியோர் சிலரேனும் இப்பகுதியில் இருப்பர். கயிற்றுக்கும் கழிக்கும் கதவுக்கும் அவர்கள் வழங்கிய சொற்கள் அகராதி ஏறாதவை. அவர்களோடு அச்சொற்களும் மறைந்துவிடுமுன், கவிஞர்கள் கரைக்குச் சென்று கேட்டு எழுதட்டும். பாடல் பிறகு பிறக்கட்டும். முதலில் சொற்கள் பிழைக்கட்டும்.