சதுப்பும் சேரியும்



தோழரின் நினைவு நாளில் பறவைகளைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் சிரித்தார்கள். நமக்கே இருக்க இடமில்லை, நாரைக்கு இடம் கேட்பதா என்றார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே வந்திருக்கிறோம்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அரை நூற்றாண்டுக்கு முன் சுமார் 5,000 ஹெக்டேர். தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் அங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். பூநாரையும் கூழைக்கடாவும் தாழைக்கோழியும் இரை தேடிய இடம். மீனுக்கும் மேய்ச்சலுக்கும் நிலமற்றவர்கள் இறங்கிய இடமும் அதுதான்.

பயனற்ற நிலம் என்று பெயர் வைத்துவிட்டால் அங்கே எதையும் கொட்டலாம். முதலில் குப்பையைக் கொட்டினார்கள். பெருங்குடிக் கிடங்கு 200 ஏக்கருக்கு மேல் பரந்தது. அந்தக் குப்பையைக் கிளறிப் பிழைத்தவை யாருடைய கைகள் என்று இந்த அரங்கில் சொல்ல வேண்டியதில்லை. பிறகு மனிதர்களைக் கொட்டினார்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பின், ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லி நம்மை இறக்கிவிட்ட பெரும்பாக்கமும் தண்ணீர் தேங்கும் தாழ்நிலமே. பழைய வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் வெகுதூரம் போய்விட்டன. அதே சதுப்பில் எழுந்த கண்ணாடிக் கட்டடங்கள்மீது ஆக்கிரமிப்பு என்ற சொல் அவ்வளவு எளிதில் ஒட்டுவதில்லை.

2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022இல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சர் தலமானது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் எல்லைக்கல் நடும் கை குடிசையை முதலில் தொட்டு, கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் நின்றுவிடக் கூடாது. எல்லை வரைபடம் தமிழில், மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். சம்மதமில்லாமல் ஒரு குடும்பத்தையும் பெயர்க்கக் கூடாது. சதுப்பை மீட்கும் வேலையில், குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களுக்கு முறையான கூலியோடு முதலிடம் வேண்டும்.

1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் குளத்து நீரை அள்ளியபோது, பொது நீர் எல்லோருக்கும் பொது என்பதை நிலைநாட்டினார். சதுப்பும் அப்படிப்பட்ட பொதுவே. மாணவர்கள் ஒருமுறை மடுவுக் கரையில் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் நாரை நிற்கும், மறுபக்கம் நம் வீடுகள் நிற்கும்.

சதுப்பு அழிந்தால் நாரை வேறு நீர்நிலை தேடிப் பறக்கும். தங்க இடமில்லாத வெள்ளம் நம் வீட்டுத் தரைத்தளத்தில்தான் ஏறும். அதனால்தான் தோழர்களே, நாரைக்கு இடம் கேட்கிறோம்.