நகரபிதாவின் கணக்கு



வழக்கமாக வரிப் படிவம், வீட்டுக்கடன் வட்டி என்று கணக்கு வழக்குப் பேசுகிறவன், இன்று ஒரு படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயப்படாதீர்கள், இதற்குள்ளும் கணக்கு இருக்கிறது.

படத்தின் பெயர் 'ஜோஸ்'. நோர்வேயில் அதற்கு வைத்த பெயர் 'ஹாய்சொமர்', அதாவது சுறாக் கோடை. 1975 ஜூன் 20ஆம் திகதி அமெரிக்காவில் வெளியான இந்தப் படத்துக்கு 2025இல் ஐம்பது வயது நிறைந்தது. நாங்களோ பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பால்சுறாவில் வறை வைத்துக் கொடுக்கிற ஊரிலிருந்து வந்தவர்கள். எங்கள் பக்கத்தில் மனிதன்தான் சுறாவைத் தின்பான். அப்படியிருந்தும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வடக்கு நோர்வேயில் ஓர் அகதிகள் வரவேற்பு நிலையத்தின் பொது அறையில் இந்தப் படம் ஓடியபோது ஒருவரும் எழும்பிப் போகவில்லை. பேச்சு ஆங்கிலம், கீழே எழுத்து நோர்வேஜிய மொழி. இரண்டும் அரைகுறையாக விளங்கிய காலம்.

அண்மையில் என் மகளோடு அதைத் திரும்பப் பார்த்தேன். கைத்தொலைபேசியைக் கீழே வைக்காத பிள்ளை, இரண்டு மணித்தியாலமும் அசையாமல் இருந்தாள். "அப்பா, சுறா பொம்மை எண்டு தெரியுது, ஆனாலும் பயமாயிருக்கு" என்றாள்.

இந்தப் பயம் ஒரு நட்டக் கணக்கிலிருந்து பிறந்தது. படப்பிடிப்புத் தொடங்கும்போது இயக்குநர் ஸ்ரீவன் ஸ்பில்பேர்க்குக்கு வயது 27. உண்மையான கடலிலேயே படம் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 55 நாட்களில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாட்கள் இழுத்தது. நாலு மில்லியன் டொலர் என்று போட்ட செலவு ஒன்பது மில்லியனாக ஏறியது. செய்து வைத்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிவிட, சுறாவைக் காட்டாமலே கதையை நகர்த்த வேண்டிவந்தது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் அதன் முகத்தை நன்றாகக் காண்கிறோம். அதுவரை ஜோன் வில்லியம்ஸின் இரண்டு சுர இசைதான் சுறா. பதுங்குகுழிக்குள் இருந்து விமானச் சத்தத்தை மட்டும் கேட்டவர்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் பயம் மட்டும்தான் காரணம் என்றால் இரண்டாம் தரம் பார்க்கும்போது அது குறைந்துவிட வேண்டுமே? அரை நூற்றாண்டாக மனிதர் இதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குக் காரணம் சுறா அல்ல, நகரபிதா என்பது என் எண்ணம்.

கதை உங்களுக்குத் தெரியும். அமிற்றி என்ற தீவு, கோடையில் வருகிற உல்லாசப் பயணிகளின் காசில் முழு ஆண்டும் சீவிக்கிற ஊர். ஓர் இளம்பெண்ணின் உடல் கரையொதுங்குகிறது. பொலிஸ் தலைவர் புரோடி, காரணம் சுறா என்று படிவத்தில் தட்டச்சுச் செய்கிறார். ஜூலை 4ஆம் திகதி விடுமுறை நெருங்குகிறது. நகரபிதா தலையிட, மரண விசாரணை வைத்தியரும் அது படகு விபத்தாக இருக்கலாம் என்று சொல்லை மாற்றுகிறார். ஒரு கணக்காளனாக என்னைக் குளிரவைத்த காட்சி அதுதான். அதில் இரத்தம் இல்லை. ஒரு படிவத்தில் ஒரு சொல் மாறுகிறது, அவ்வளவுதான். கடற்கரை திறந்தே கிடக்கிறது. அடுத்து ஒரு சிறுவன் போகிறான்.

அவனுடைய தாய் கறுப்பு உடையோடு வந்து கன்னத்தில் அறைவது நகரபிதாவை அல்ல, புரோடியை. ஆபத்துத் தெரிந்தும் கடற்கரையைத் திறந்து விட்டீர்களே என்று கேட்கிறாள். அவள் சொல்வது பிழை என்று நகரபிதா ஆறுதல் சொல்ல, இல்லை, சரிதான் என்கிறார் புரோடி.

இந்தக் கதை நோர்வேக்குப் புதிதல்ல. நாஷனல் தியேட்டருக்கு முன்னால் சிலையாக நிற்கிறாரே ஹென்றிக் இப்சன், அவர் 1882இல் எழுதிய 'மக்கள் விரோதி' நாடகமும் இதுதான் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். ஊருக்கு வருமானம் தரும் குளிப்பகத்தின் தண்ணீர் நஞ்சாகிவிட்டது என்று வைத்தியர் ஸ்டொக்மன் கண்டுபிடிக்கிறார். அவருடைய அண்ணன்தான் நகரபிதா. திருத்த வேலைக்கு எவ்வளவு செலவு, எத்தனை ஆண்டு மூட வேண்டும் என்று அவர் கணக்குச் சொன்னதும், வைத்தியரோடு நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிடுகிறார்கள். கடைசியில் ஊர் கூடி வைத்தியரை மக்கள் விரோதி என்று தீர்மானிக்கிறது. 1989இல் சத்யஜித் ராய் இதையே 'கணசத்ரு' என்ற படமாக எடுத்தபோது, நஞ்சானது கோயில் தீர்த்தமாக மாறியது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. படத்தில் சுறாவே வந்து புரோடி சொன்னது சரி என்று நிரூபிக்கிறது. நிஜ வாழ்க்கையில் பெரும்பாலும் சுறா வந்து சாட்சி சொல்வதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கோடைகால ஒன்றுகூடல் ஒன்றுக்கு நான் பொருளாளராக இருந்தேன். இரண்டு பஸ்ஸுக்குக் காசு கட்டியாயிற்று. முதல் நாள் இரவு ஓர் அக்கா தொலைபேசி எடுத்தார். "தம்பி, நீந்தத் தெரியாத பிள்ளையள் கனபேர் வருகினம். தண்ணிக்கரையில நிண்டு பாக்க ஆள் போட்டிருக்கிறியளோ? இல்லாட்டி இடத்தை மாத்துங்கோ" என்றார். நான் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் நிற்கிறது. "காசு கட்டியாச்சு அக்கா, இனி மாத்தேலாது."

மறுநாள் பாலத்தடியில், ஆழம் சட்டென்று இறங்குகிற இடத்தில், ஒன்பது வயதுப் பொடியன் ஒருவன் தாண்டான். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு நோர்வேஜியப் பெண்மணி பாய்ந்து இழுத்துப் போட்டதால் பிழைத்தான். அந்த அக்கா என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு துவாயை எடுத்துக்கொண்டு போய்ப் பொடியனைச் சுற்றினார். அந்த ஆண்டின் அறிக்கையில் நான் எழுதினேன்: ஒன்றுகூடல் சிறப்பாக நடைபெற்றது. பஸ் செலவு சதத்துக்குச் சரி. என் படிவத்திலும் ஒரு சொல் மாறியிருந்தது.

படத்தில் நகரபிதா கெட்டவர் அல்லர். அந்தக் கடற்கரையில் தன் பிள்ளைகளும் நின்றார்கள் என்று கடைசியில் அவர் நடுங்கிக்கொண்டு சொல்லும்போது, என் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அன்று அவளும் அந்தத் தண்ணீரில்தான் நின்றாள்.

இந்தப் படத்தை எடுத்தவர்களும் பின்னாளில் தங்கள் கணக்கைத் திருத்தினார்கள். 1974இல் வெளிவந்த மூலக்கதையை எழுதிய பீற்றர் பெஞ்ச்லி, 2006இல் இறக்கும்வரை சுறாக்களைக் காப்பாற்றச் சொல்லிப் பேசிவந்தார். சுறாக்கள் அழிந்ததில் தன் படத்துக்கும் பங்கிருப்பதாக 2022இல் ஸ்பில்பேர்க் வருந்தினார். அவர்கள் வாய்விட்டுச் சொன்னபோது, நானும் சொல்ல வேண்டும் என்று பட்டது. பிந்தினாலும் பதிவு பதிவுதான்.

நேயர்களே, அடுத்த கூட்டத்தில் யாராவது எழும்பி, இது ஆபத்து, கொஞ்சம் நிறுத்துங்கள் என்றால், எவ்வளவு காசு நட்டம் என்று முதலில் கேட்காதீர்கள். அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். பிறகு ஒன்றுமே நடக்காவிட்டால் அவரைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். ஒன்றும் நடக்காததுதான் அவர் தந்த இலாபம். அதை எழுத எங்கள் பேரேட்டில் ஒரு பக்கம் இல்லை, அவ்வளவுதான்.