காணும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ரொறன்ரோவில் இப்போது காலை பத்து மணி. ஐரோப்பாவில் இருக்கும் நண்பர்களுக்குப் பின்னேரம். ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டைப் பற்றியே கதைக்க வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த அரங்கில் வழக்கமாக ஒரு நாவலைப் பற்றியோ ஒரு கவிஞரைப் பற்றியோ பேசுவோம். இன்றைக்கு நான் ஒரு சொல்லைப் பற்றிப் பேசப்போகிறேன். ‘காணும்’ என்ற சொல். தமிழ்நாட்டு நண்பர்கள் ‘போதும்’ என்று சொல்லும் இடத்தில் நாங்கள் ‘காணும்’ என்போம். கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு மதுரைக்கார நண்பர் வீட்டில் சாப்பிட்டேன். அவருடைய மனைவி சாம்பார் ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் ‘காணும், காணும்’ என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, ‘எதைக் காணோம்?’ என்று மேசைக்குக் கீழே தேடத் தொடங்கிவிட்டார்.

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். ஆனால் உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குக் காணவில்லை. மரியாதைக்குத்தான் சொன்னேன். வீட்டுக்குப் போகிற வழியில் காரை நிறுத்தி இன்னொரு தடவை சாப்பிட்டேன்.

இரண்டரை வருடங்களுக்கு முன்னர் எனக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. பொதுவெளியில் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. ‘எப்படி இவ்வளவு மெலிந்தீர்கள்?’ என்று கேட்டவர்களுக்கு ‘நடக்கிறேன்’ என்று பதில் சொல்லி வந்தேன். அது பொய்யில்லை. ஆனால் பாதி உண்மை. மீதியை மறைத்ததற்குக் காரணம் வெட்கம். வாயைக் கட்ட முடியாதவன் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்று சனம் சொல்லும் என்ற பயம்.

அப்போது என் எடை 128 கிலோ. பன்னிரண்டு வருடங்களாக நீரிழிவு. இரவில் மூச்சு நின்றுவிடாமல் இருக்க முகத்தில் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு படுப்பேன். பட்டினி கிடந்து குறைத்த எடை எல்லாம் ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்தது. எனக்குள் இருந்த பசி சாப்பிட்டால் அடங்குகிற பசி இல்லை. கோப்பை முடியும்போதும் அது அப்படியே இருக்கும்.

மணிமேகலை படித்தவர்களுக்குக் காயசண்டிகையை நினைவிருக்கும். பன்னிரண்டு வருடங்களுக்கு ஒரு முறை பழுக்கும் நாவற்கனியைக் காலால் சிதைத்ததற்காக ஒரு முனிவரின் சாபத்துக்கு ஆளாகிறாள். எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காத யானைத்தீ என்ற நோய் அவளைப் பிடிக்கிறது. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். சாத்தனார் அவளைப் பெருந்தீனிக்காரி என்று பழிக்கவில்லை. அதை நோய் என்றே சொல்கிறார். கடைசியில் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து கொடுக்கும் ஒரு பிடி உணவில் அந்தப் பசி தீருகிறது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது அந்தப் பாத்திரம்தான் எனக்கு அதிசயமாக இருந்தது. இப்போது அந்த ஒரு பிடிதான் அதிசயமாக இருக்கிறது.

பசியும் நிறைவும் உடம்புக்குள் ஓடுகிற செய்திகள் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. 1999 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிறெலின் என்ற சுரப்பைக் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையில் சுரந்து, மூளைக்குப் ‘பசிக்கிறது’ என்று சொல்கிறது. சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் ஜிஎல்பி-1 போன்ற வேறு சுரப்புகள் ‘காணும்’ என்று சொல்கின்றன. எல்லோருடைய உடம்பிலும் இந்தச் செய்திகள் ஒரே அளவு சத்தமாகக் கேட்பதில்லை. இன்றைக்கு எல்லோரும் பேசுகிற ஓசெம்பிக் ஊசியும் இந்த ஜிஎல்பி-1 இன் வேலையைத்தான் செய்கிறது.

எனக்குச் செய்தது பைபாஸ் என்ற முறை. இரைப்பையின் மேல்பகுதியில் முட்டை அளவில் ஒரு சிறிய பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே நேரடியாக இணைத்துவிடுவார்கள். அந்தப் பை ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும். சாப்பாடு அதற்குள் போகாது. வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்களுக்கு எடை கூடுவது கஷ்டமாக இருக்கிறது என்பதைக் கவனித்து, 1966 இல் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தொடக்கி வைத்த வழி இது. இன்னொரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விடுவார்கள்.

வைத்தியர்கள் எனக்கு முன்கூட்டியே எல்லாம் சொன்னார்கள். முதலில் தெளிந்த நீராகாரம். பிறகு பால், புரத மா கரைத்த பானம். பிறகு மசித்த உணவு. பிறகு மென்மையான உணவு. வழமையான சாப்பாட்டுக்கு வர இரண்டு மாதம் வரை ஆகும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. முடித்து அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். ஒவ்வொரு வாயையும் இருபது, முப்பது தடவை மெல்ல வேண்டும். முதலில் மீன், முட்டை, பருப்பு, சோறு கடைசியில். ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம். பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி எல்லாம் சாகும்வரை எடுக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் வயிறு நிறைந்தது என்று எப்படித் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாது. நாற்பத்திரண்டு வயது மனிதன் ஒரு தாதியிடம் அதைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ‘உங்கள் உடம்பு சின்னச் சின்னதாக ஏதாவது காட்டும். கவனியுங்கள்’ என்றார்.

அது எப்படிக் காட்டியது என்று நினைக்கிறீர்கள்? மூக்கால். நான்கைந்து கரண்டி சாப்பிட்டதும் மூக்கு ஒழுகத் தொடங்கும். சிலருக்கு விக்கல் வரும், சிலருக்குத் தும்மல், சிலருக்குப் பெருமூச்சு. அந்த இடத்தில் நிறுத்தினால் தப்பினேன். அதற்கு மேல் ஒரு வாய் வைத்தால் நெஞ்சு நடுவில் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல் இருக்கும். பசி நின்றதற்கும் வலி தொடங்குவதற்கும் இடையில் ஒரே ஒரு வாய்தான். அந்த ஒரு வாயைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

மூன்றாம் மாதம் ஸ்காபரோவில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போனோம். குழல்புட்டும் மீன்குழம்பும். கதைத்துக்கொண்டே பழைய வேகத்தில் நாலு வாய் வைத்துவிட்டேன். புட்டு நெஞ்சுக்குக் கீழே இறுகி நின்றுவிட்டது. கீழேயும் போகாது, மேலேயும் வராது. வாயில் நுரைநுரையாக எச்சில் ஊறியது. முக்கால் மணித்தியாலம் குளியலறைக்குள் நின்றேன். வெளியில் அந்த வீட்டு அக்கா கதவைத் தட்டி, ‘தம்பி, சாப்பாடு சரியில்லையோ?’ என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் ஊரில் சாப்பாட்டை மறுப்பது ஆளை மறுப்பது மாதிரித்தானே?

வயிற்றுப் பசி போன பிறகு வேறொரு பசி மிஞ்சியது. இரவு ஒன்பது மணிக்குக் கால்கள் தன்பாட்டில் குசினிக்குப் போகும். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். எதுவும் வேண்டியிருக்காது. ஆனால் அழுகை வரும். களைப்பு, தனிமை, வேலையிடத்துக் கோபம் எல்லாவற்றுக்கும் இருபது வருடங்களாக எனக்கு ஒரே மருந்து சாப்பாடு. ஒரு பழைய சிநேகிதன் சொல்லாமல் கொள்ளாமல் போனது போல் இருந்தது. எடை குறைந்ததற்கு எல்லோரும் வாழ்த்தினார்கள். இந்தத் துக்கத்தை யாரிடம் சொல்வது?

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா எங்களோடுதான் இருக்கிறா. சத்திரசிகிச்சைக்குப் பிறகு அதிகம் பாதிக்கப்பட்டது அவதான் என்று நினைக்கிறேன். நாலு கரண்டியோடு நான் எழும்பும்போது அவவின் முகத்தைப் பார்க்க முடியாது. ‘இன்னும் ஒரு கரண்டி போடட்டே?’ என்பா. நான் ‘வேண்டாம்’ என்பேன். இரண்டு பேரும் பிறகு கதைக்க மாட்டோம்.

அந்த வருடத் தைப்பொங்கல் அன்று அவ சர்க்கரைப் புக்கை வைத்தா. ஆசையோடு நீட்டினா. இரண்டு கரண்டி சாப்பிட்டேன். இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது, உடம்பு வியர்த்து ஊற்றியது, வயிறு முறுக்கியது. சர்க்கரை வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் வரும் விளைவு அது. ஒரு மணித்தியாலம் படுத்திருக்கச் சரியாகிவிடும். ஆனால் அம்மாவுக்கு அது தெரியாது. நான் சாகப் போகிறேன் என்று நினைத்துவிட்டா. ‘என்ரை கையாலை குடுத்தனே’ என்று தலையில் அடித்துக்கொண்டா.

அன்று இரவுதான் முதல் தடவையாக எல்லாவற்றையும் அவவுக்கு விளக்கிச் சொன்னேன். பேசிப் பேசி 1995 க்குப் போனோம். ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்த நாட்கள். எனக்குப் பதின்மூன்று வயது. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள் இருந்தோம். ஒரு பானை கஞ்சி. அம்மா எனக்கும் தங்கச்சிக்கும் ஊற்றுவா. ‘நீங்கள் குடிக்கேல்லையோ?’ என்று கேட்டால், ‘எனக்குக் காணும்’ என்பா. குடிக்காமலே காணும் என்பா.

அம்மாவிடம் கேட்டேன், ‘அப்ப உங்களுக்கு உண்மையாவே காணுமா அம்மா?’ என்று. அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘உங்களுக்குக் காணுமோ எண்டுதான் பாத்தனான்’ என்றா.

எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. அந்தச் சொல்லை நான் படித்ததே அந்த வகுப்பறையில்தான். காணும் என்றால் சாப்பாடு இல்லை என்று அர்த்தம். காணும் என்று சொல்பவர் பட்டினி கிடக்கிறார் என்று அர்த்தம். என்னுடைய உடம்பு அந்தச் சொல்லை நம்ப மறுத்ததில் ஆச்சரியம் என்ன? என் நோய்க்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பரம்பரை உண்டு, உறக்கமில்லாத இரவு வேலை உண்டு. ஆனால் காணும் என்பதை உண்மையாகச் சொல்ல எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் தலைமுறையில் பலருக்கும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு வேலை செய்தா. தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிற சின்னத் தட்டை எனக்கென்று எடுத்து வைத்தா. அதில் ஒரு துண்டு மீன், இரண்டு கரண்டி பருப்பு, பக்கத்தில் கொஞ்சம் குழைந்த சோறு. தனக்கும் ஒரு கோப்பை போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இருந்து சாப்பிடத் தொடங்கினா. நான் முப்பது நிமிடம் மெல்லுவேன். அவவும் ஆறுதலாகச் சாப்பிடுவா. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் குசினிக்குள் நின்று சாப்பிட்டவர், எழுபத்து நாலு வயதில்தான் மேசையில் இருந்து சாப்பிடப் பழகினார்.

நீங்கள் யாராவது இந்தச் சிகிச்சையை யோசித்துக்கொண்டிருந்தால், ஒன்று சொல்கிறேன். இது முடிவில்லை. காயசண்டிகையின் கதையும் பசி தீர்ந்ததோடு முடியவில்லை. அவள் மகிழ்ச்சியோடு ஊருக்குத் திரும்பிப் பறக்கிறாள். விந்திய மலையைக் காக்கும் விந்தாகடிகை அவளைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறாள். ஒரு பசியிலிருந்து தப்பியவள் இன்னொரு வயிற்றுக்குள் போகிறாள். சத்திரசிகிச்சை செய்தவர்களில் சிலர் மதுவுக்குள் போய்விடுகிறார்கள்; அது இப்போது முன்னரைவிட வேகமாகத் தலைக்கேறும். சிலர் மனச்சோர்வுக்குள் போகிறார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் பசி கொஞ்சம் திரும்பியும் வரும். எனக்கும் வந்திருக்கிறது. ஆறு கிலோ கூடியிருக்கிறேன். மருந்துக் கட்டுப்பாட்டைப் போலவே மனதுக்கும் ஒரு துணை வேண்டும். கேட்க வெட்கப்படாதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு இப்படி ஒருவர் சாப்பிட வந்தால், சின்னக் கோப்பை கொடுங்கள். ‘இவ்வளவுதானா?’ என்று கேட்காதீர்கள். அவர் நிறுத்தும்போது நீங்களும் அகப்பையை நிறுத்திவிடுங்கள். அவர் உங்கள் சமையலை மறுக்கவில்லை. தன் உடம்பு சொல்வதைக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

இன்று காலை இந்த உரைக்கு முன்னர் அம்மா ஒரு இடியப்பமும் சொதியும் வைத்துத் தந்தா. பாதி சாப்பிட்டதும் மூக்கு ஒழுகியது. அம்மா பார்த்தா. இன்னும் போடட்டே என்று கேட்கவில்லை. ‘காணுமோ?’ என்று கேட்டா. ‘காணும் அம்மா’ என்றேன். ‘உங்களுக்கு?’ என்று கேட்டேன். கோப்பையைப் பார்த்துவிட்டு, ‘இன்னும் ஒண்டு வை’ என்றா.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வெட்கப்படாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.