சிலேட்டுக்கு முன் புளியங்கொட்டை

மூன்று வயதுக் குழந்தை சிலேட்டுக் குச்சியை முழுக் கையாலும் இறுக்கிப் பிடிப்பது பிடிவாதம் அல்ல. விரல் தசைகள் இன்னும் பழகவில்லை. இதை அறிந்த அங்கன்வாடிப் பணியாளர் ‘அ’ எழுதச் சொல்லி வற்புறுத்த மாட்டார். களிமண் பிசையவிடுவார், புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போடவிடுவார் (வாயில் போடாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை!). 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்த கல்வியாளர் மரியா மாண்டிசோரி ஆசிரியர்களைப் பழக்கியதும் குழந்தையை இப்படி உற்றுக் கவனிக்கத்தான்.

சத்துமாவு, எடை, பதிவேடு என்று கழுத்துவரை வேலை இருக்கையில், இப்படிக் கவனிக்கப் பயிற்சிக் கையேடு வேறா என்று பணியாளர்கள் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் அங்கன்வாடிகளை நடத்த 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் முன்பருவக் கல்வியும் ஒரு சேவை. எடை பார்க்கிற அதே கண், குழந்தை எத்தனை சொல் சேர்த்துப் பேசுகிறது என்பதையும் பார்த்துவிடும். அதற்குத் தடித்த கையேடு எதற்கு? எதைக் கவனிப்பது என்று வயதுவாரியாக நான்கு வரி எழுதிய சுவர் அட்டை போதும்.