செறிவு கூடினால் புரதத்தின் நடை மாறும்

வேதியியல் படிக்காதவர்களும் இங்கே இருப்பதால் சமன்பாடுகள் இல்லாமல் பேசுகிறேன்.

சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தின் தியோடர் ஸ்வெட்பெரி, 1920-களின் நடுவில் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜை உருவாக்கினார். கரைசல் சுழன்றுகொண்டிருக்கும்போதே ஒளி பாய்ச்சி, புரதம் அச்சை விட்டு வெளிநோக்கி நகர்வதைப் படம்பிடிக்கும் கருவி அது. ஹீமோகுளோபினின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 67,000 என்று அதில் தெரிந்தது. புரதம் என்பது கண்டபடி ஒட்டிக்கொண்ட கூழ்மத் திரள் என்று அன்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது.

ஆனால் அந்த எடைக் கணக்குக்கு அடியில் ஓர் அனுமானம் உண்டு: ஒவ்வொரு மூலக்கூறும் மற்றதன் தொந்தரவில்லாமல் தனியே போகிறது என்பது. நல்லியல்புக் கரைசலில் அப்படித்தான். செறிவைக் கூட்டிப் பாருங்கள், வேகம் குறையும். புரதம் வெளியே போனால் அது விட்ட இடத்தை நிரப்ப நீர் எதிர்த்திசையில் வந்தாக வேண்டும். அந்த எதிரோட்டம் மற்ற மூலக்கூறுகளைத் தடுக்கிறது. மின்சுமையும் சேர்ந்துகொள்ளும். கனமான புரதம் முந்த, எதிர்ச்சுமை கொண்ட அதன் அயனிகள் பின்தங்க, இடையில் எழும் மின்புலம் புரதத்தைப் பின்னுக்கு இழுக்கும். கொஞ்சம் உப்பைச் சேர்த்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும். எதிரோட்டத்துக்கு அப்படியொரு கைமருந்து இல்லை.

இதன் விளைவுகளில் மிகவும் ஏமாற்றுவது ஒன்று. புரதக் கரைசலுக்கும் அது விட்டுச்சென்ற தெளிந்த நீருக்கும் இடையே நகரும் எல்லையின் பின்பகுதியில் செறிவு குறைவு. ஆகவே அங்குள்ள மூலக்கூறுகள் சற்று விரைந்து முன்னவற்றை எட்டிப் பிடித்துவிடும். எல்லை கூர்மையாகும். கூர்மையான எல்லையைக் கண்டதும் 'மாதிரி தூய்மையானது' என்று எழுதத் தோன்றும். கலப்பை அந்தக் கூர்மையே மறைத்திருக்கலாம்.

புரதத்தின் பரவல் மாறாமல் நிலைகொள்ளும்வரை சுழற்றி எடை காணும் சமநிலைச் சோதனையிலும் இதே சிக்கல்தான். ஒரு கோளத்தின் மையம் இன்னொன்றின் மையத்தை ஒரு விட்டத்துக்கும் குறைவாக நெருங்க முடியாது. அதனால் ஒன்றுக்கு மறுக்கப்படும் இடம் மற்றதன் கனஅளவைப் போல 8 மடங்கு. இந்த விலக்கம் எடையைக் குறைத்துக் காட்டும். மூலக்கூறுகள் கூடிச் சேர்ந்தால் எடை கூடித் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டினால், வரைபடத்தில் ஒரு குறையும் இல்லாத நேர்க்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டை நம்பியவர் பாடு திண்டாட்டம்.

வழக்கமான பரிகாரம், பல செறிவுகளில் அளந்து சுழியம் வரை நீட்டிப் படிப்பது. நல்ல வழிதான். ஹீமோகுளோபினுக்கு அதை அப்படியே செய்தால், நீர்த்த கரைசலில் நான்கு கூறுகள் கொண்ட மூலக்கூறு இரண்டிரண்டாகப் பிரிந்துவிடும். நாம் தேடிப்போனதே அங்கு இருக்காது. சிவப்பணுவுக்குள்ளோ அது லிட்டருக்கு ஏறத்தாழ 330 கிராம் செறிவில் நெருக்கியடித்துக்கொண்டு வேலை பார்க்கிறது. தோலடியில் போடும் ஆன்டிபாடி மருந்துகள் பலவும் மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் செறிவானவை. அவற்றின் குணத்தைச் சுழியச் செறிவில் தேடிப் பயனில்லை. நல்லியல்பிலிருந்து விலகுவதைப் பிழை என்று கழித்துக்கட்டும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. மூலக்கூறின் வடிவத்தையும் சுமையையும் பற்றிய செய்தி, செறிவோடு அளவீடு மாறும் அந்தச் சரிவில்தான் இருக்கிறது.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். படிவுக் கெழு, அதாவது சுழற்சி முடுக்கத்துக்கு இத்தனை வேகம், என்று ஓர் எண்ணை மட்டும் அட்டவணையில் போட்டு நிறுத்தாதீர்கள். எந்தச் செறிவில், எவ்வளவு உப்பில் அளந்தீர்கள், செறிவோடு அது எப்படி மாறியது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.